சூளைக் காற்றும் செல்லின் கந்தகமும்

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் உயிரியல் மூலக்கூறுகள் பாடம். இரண்டு சிஸ்டீன்கள் கைகோத்து டைசல்பைடு பாலம் அமைப்பதைக் கரும்பலகையில் வரைந்தேன். பாடநூலில் இல்லாத ஒன்றையும் வழக்கம்போல் சேர்த்துச் சொன்னேன். "சிஸ்டீன் இருக்கிற இன்னொரு சின்ன மூலக்கூறு குளுட்டாதயோன். நம் செல்லுக்கு அதுதான் காவல்காரன். ஆக்சிஜனேற்றத்திலிருந்து காப்பாற்றும்." பல ஆண்டுகளாக இதே வாக்கியத்தைச் சொல்லி வந்திருக்கிறேன். யாரும் எதுவும் கேட்டதில்லை.

அன்று மணி அடித்த பிறகு ஒரு மாணவி மேசைக்கு வந்து, பாதி காலியான மாத்திரை அட்டையை நீட்டினாள். "மிஸ், நீங்க சொன்ன குளுட்டாதயோன் இதுதானே?"

இதுதான். அட்டையில் அந்தப் பெயரும் அதன் கீழே வைட்டமின் சி என்றும் அச்சிட்டிருந்தது. அவளுடைய அக்காவுக்குத் தை மாதம் கல்யாணம். நிறம் கூடும் என்று யாரோ சொல்ல, இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறாள். இப்போது, மாத்திரையைவிட ஊசி சீக்கிரம் வேலை செய்யும் என்று ஓர் அழகு நிலையத்தில் சொல்லியிருக்கிறார்களாம். அம்மா பயப்படுகிறார். "நான்தான் மிஸ் வீட்ல சொன்னேன், எங்க மிஸ்ஸே இது நல்லதுன்னு சொல்லியிருக்காங்கன்னு."

எனக்குச் சுருக்கென்றது. நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த அரை உண்மை ஒரு வீட்டில் ஊசிக்குப் பரிந்துரையாக நிற்கிறது. "ரெண்டு நாள் டைம் குடும்மா, வகுப்பிலேயே பேசுவோம். அதுவரைக்கும் ஊசி வேண்டாம்னு அக்காகிட்ட சொல்லு" என்று அனுப்பினேன். அந்த இரண்டு நாளில் படித்ததையும், பிறகு வகுப்பில் செய்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். தயோல் வேதியியல் மேல்நிலை வகுப்புக்கு உரியது என்று தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பின்பாதியில் உங்களுக்கான செய்தி ஒன்று இருக்கிறது.

விருத்தாசலத்தில் பாடம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. இங்கே ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம் என்ற சொற்களை அறியாதவர்களும் அந்த வேலையைக் கையால் செய்திருப்பார்கள். நெய்வேலிச் சுரங்கத்தில் கிடைக்கும் வெள்ளைக் களிமண்ணை நம்பி வளர்ந்தது எங்கள் ஊர் செராமிக் தொழில். பொம்மை, அகல் விளக்கு, ஃபியூஸ் கட்டை எல்லாம் இங்கே சூளை ஏறி இறங்கும். செராமிக் தொழில்நுட்பம் கற்றுத்தரும் அரசு நிறுவனமும் ஊரிலேயே இருக்கிறது. என் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் மோல்டு ஊற்றுகிறார், கிளேஸ் முக்குகிறார், அல்லது சூளையில் அடுக்குகிறார்.

ஆகவே கரும்பலகையை விட்டுவிட்டுச் சூளையில் தொடங்கினேன். செம்மண் பானையைக் காற்றோட்டமாகச் சுட்டால் என்ன நிறம்? சிவப்பு. காற்றை அடைத்துப் புகையவிட்டால்? கருப்பு. மண் மாறவில்லை. மண்ணிலுள்ள இரும்பு ஆக்சிஜன் நிறையக் கிடைக்கும்போது சிவப்பு ஆக்சைடாக இருக்கிறது. காற்று குறைந்தால் கார்பன் மோனாக்சைடு அந்த இரும்பிடமிருந்து ஆக்சிஜனைப் பறிக்கிறது. கரியும் படிகிறது. பானை கருக்கிறது. ஆதிச்சநல்லூர், கொடுமணல், கீழடி என்று தோண்டிய இடமெல்லாம் கிடைக்கும் கருப்பு-சிவப்புப் பானைகளில் உள்புறம் கருப்பு, வெளிப்புறம் சிவப்பு. பானையைக் கவிழ்த்துச் சுட்டதால் உள்ளே காற்று போகவில்லை என்று தொல்லியலாளர்கள் விளக்குகிறார்கள். ஒரே பானை, ஒரே நெருப்பு, இரண்டு வேதிநிலை.

சூளை வேலை பார்க்கும் அப்பாவைக் கொண்ட ஒரு மாணவி எழுந்தாள். "வெள்ளைச் சரக்கும் அப்படித்தான் மிஸ். காத்து அதிகமானா இலேசா மஞ்சளடிக்கும்னு அப்பா சொல்லுவாரு." சரியான கவனிப்பு. வெள்ளைக் களிமண்ணிலும் துளி இரும்பு உண்டு. காற்று தாராளமாக இருந்தால் அது மஞ்சள் சாயல் தரும், குறைந்தால் நீலம் பாய்ந்த வெள்ளையாகும். கிளேஸில் தாமிரம் சேர்த்தால் இன்னும் வேடிக்கை. காற்றுள்ள சூளையில் பச்சை, காற்றடைத்த சூளையில் சிவப்பு. "அப்போ ஆக்சிஜன் பானைக்கு எதிரியா, நண்பனா?" என்று கேட்டேன். "எந்த நிறம் வேணும்ங்கறதப் பொறுத்தது மிஸ்" என்றார்கள். இந்தப் பதிலை வாங்கத்தான் அவ்வளவு நேரமும் சூளையைச் சுற்றினேன்.

இனி செல்லுக்குள் போகலாம். செல்லில் இரும்பும் தாமிரமும் இந்த வேலையைச் செய்கின்றன. ஆனால் புரதங்களில் எளிதாக நிலை மாறுவது கந்தகம். ஆல்கஹாலில் ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் கந்தகத்தை வையுங்கள், அதுதான் தயோல். எல்லோருக்கும் அறிமுகமான தயோல் சமையல் எரிவாயுவின் நாற்றம். எரிவாயுவுக்குச் சொந்த மணம் கிடையாது, கசிந்தால் தெரிய வேண்டும் என்று எத்தில் மெர்காப்டன் என்ற தயோலைச் சேர்க்கிறார்கள். மிகமிகச் சிறிய அளவிலேயே மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும்.

சிஸ்டீனின் நுனியில் இதே கந்தகம்-ஹைட்ரஜன் தொகுதி இருக்கிறது. இரண்டு தொகுதிகள் ஹைட்ரஜனை இழந்து இணைந்தால் கந்தகம்-கந்தகம் பாலம். இழப்பது ஆக்சிஜனேற்றம், திரும்பப் பெறுவது ஒடுக்கம். பாலம் விழும்போது புரதத்தின் வடிவம் மாறுகிறது, வடிவம் மாறினால் வேலையும் மாறுகிறது. முடி நேராக்கும் கிரீம் செய்வதும் இதுதான். முடியின் கெரட்டினிலுள்ள பாலங்களை ஒரு தயோல் உடைக்கிறது, முடியை இழுத்து நேராக்கிய பிறகு பெராக்சைடு மறுபடி பாலம் கட்டுகிறது. இந்த எடுத்துக்காட்டைச் சொன்னபோது கடைசி பெஞ்சுவரை நிமிர்ந்து உட்கார்ந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும்.

குளுட்டாதயோன் என்பது குளுட்டமிக் அமிலம், சிஸ்டீன், கிளைசின் என்ற மூன்றே அமினோ அமிலங்களின் கோவை. 1888இல் ஈஸ்ட்டிலிருந்து இதன் தடயத்தைக் கண்ட பிரெஞ்சுக்காரர் ரே-பயாட், கந்தகத்தை நேசிப்பது என்ற பொருளில் ஃபிலோதியான் என்று பெயர் வைத்தார். 1921இல் ஹாப்கின்ஸ் அதைப் பிரித்தெடுத்து இப்போதைய பெயரைச் சூட்டினார். நம் செல்களில் இது 1 முதல் 10 மில்லிமோலார் அளவில் இருக்கிறது. இவ்வளவு சிறிய மூலக்கூறுக்கு இது பெரிய கையிருப்பு. ஓய்வாக இருக்கும் செல்லில் ஒடுக்கநிலையில் ஏறக்குறைய 100 பங்கு இருந்தால், ஆக்சிஜனேற்றமடைந்து இரட்டையாக ஒட்டிக்கொண்டது 1 பங்குதான். ஒட்டியதைப் பிரித்துத் திரும்பத் தருவதற்கென்றே ஒரு நொதி இருக்கிறது. நம் ஊர் ஃபியூஸ் கட்டையில் கம்பி ஒருமுறை எரிந்தால் புதுக்கம்பி சுற்ற வேண்டும். குளுட்டாதயோன் அப்படியல்ல. அது விழுந்த எம்.சி.பி.யைத் தூக்கிவிடுவது போல மறுபடி வேலைக்கு வந்துவிடும். தூக்கிவிடும் கைதான் அந்த நொதி.

இதைக் காட்ட ஒரு சோதனை தேவைப்பட்டது. மாணவியின் அட்டையிலிருந்தே ஒரு மாத்திரையை வாங்கினேன். ஆய்வகத்தில் மாவுச்சத்துச் சோதனைக்கு வைத்திருக்கும் அயோடின் கரைசல், சத்துணவுக் கூடத்திலிருந்து கஞ்சித் தண்ணீர், மருந்துக் கடையில் புண் கழுவ விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு, அவ்வளவுதான். கஞ்சித் தண்ணீரில் சில சொட்டு அயோடின் விட்டதும் கருநீலம். மாத்திரையைப் பொடித்துக் கரைத்த நீரை ஊற்றியதும் நிறம் சட்டென மறைந்தது. வகுப்பு கைதட்டியது. தயோல் தன் ஹைட்ரஜனைக் கொடுத்து அயோடினை அயோடைடாக ஒடுக்கிவிட்டது. இப்போது பெராக்சைடை ஊற்றினால் நிறம் திரும்ப வர வேண்டும். ஊற்றினேன். வரவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், மணி அடித்துவிட்டது. என் முகத்தில் அசடு வழிந்தது.

மறுநாள் காலை ஆய்வகத்தைத் திறந்தால் குவளை நிறையக் கருநீலம். தப்பு என்னுடையது, அரை மாத்திரையைப் போட்டிருந்தேன். அன்று நகக்கண் அளவு பொடி மட்டும் போட்டு மறுபடி செய்தோம். தெளிவான நீர் அப்படியே இருந்தது, இருந்தது, யாரும் தொடாமலேயே ஒரு கணத்தில் முழுக்கக் கருநீலமானது. பொடியின் அளவைக் கூட்டிக் குறைத்து, எத்தனை நிமிடத்தில் நிறம் வருகிறது என்று கைக்கடிகாரத்தில் குறித்தார்கள். பெராக்சைடு ஓயாமல் அயோடைடை அயோடினாக்குகிறது, தயோல் ஓயாமல் அதைத் திருப்பி அனுப்புகிறது. கையிருப்பு தீரும்வரை வெளியே எதுவும் தெரியாது. தீர்ந்த கணத்தில் எல்லாம் தெரிகிறது. 1985இல் ஹெல்முட் சீஸ் என்ற ஜெர்மானிய உயிர்வேதியியலாளர் 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்' என்று பெயரிட்ட நிலை ஏறக்குறைய இதுதான். ஆக்சிஜனேற்றம் நடப்பது அழுத்தமல்ல, திருப்பி அனுப்பும் வேகத்தை அது மிஞ்சுவதே அழுத்தம்.

ஒரு மாணவி விடவில்லை. "மாத்திரையில வைட்டமின் சி-யும் இருக்கே மிஸ். நிறத்தை எடுத்தது குளுட்டாதயோன்தான்னு எப்படிச் சொல்றீங்க?" சொல்ல முடியாது என்பதே உண்மை. வைட்டமின் சி-யும் இதே வேலையைச் செய்யும். தூய வைட்டமின் சி மாத்திரையில் தனியாகச் செய்து பார்த்தோம், அதுவும் நிறத்தை எடுத்தது. விளம்பரத்தில் இரண்டையும் சேர்த்து விற்றுவிட்டுப் பெயரை ஒன்றுக்குக் கொடுப்பதைப் பற்றி அவளே நாலு வார்த்தை பேசினாள். சோதனை செய்வோர் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பெராக்சைடு தோலில் பட்டால் எரியும்.

அடுத்த வகுப்பில்தான் என் பழைய வாக்கியத்தைத் திருத்தினேன். ஹைட்ரஜன் பெராக்சைடு செல்லுக்கு விஷம் என்று மட்டும் சொல்லிவந்தேன். ஆனால் நலமான கல்லீரலிலும் அது எப்போதும் சிறிதளவு இருக்கிறது என்று சீஸும் பிரிட்டன் சான்ஸும் 1970இலேயே காட்டிவிட்டார்கள். செல் அதைச் சைகையாகவே பயன்படுத்துகிறது. இன்சுலின் செல்லின் வாசலில் வந்து ஒட்டும்போது, செல் வேண்டுமென்றே கொஞ்சம் பெராக்சைடைச் சுரக்கிறது. இன்சுலின் சைகையை அணைப்பதற்கென்று பிடிபி-1பி என்ற நொதி இருக்கிறது. அதன் மையத்தில் 215ஆம் இடத்தில் ஒரு சிஸ்டீன். பெராக்சைடு அந்தக் கந்தகத்தை ஆக்சிஜனேற்றியதும் நொதி சிறிது நேரம் செயலிழக்கிறது, இன்சுலின் சைகை நீடிக்கிறது. பிறகு குளுட்டாதயோன் போன்றவை அந்தக் கந்தகத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகின்றன. பெராக்சைடு அளவுக்கு மீறினால் கந்தகத்தின்மேல் ஆக்சிஜன் ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏறி, பெரும்பாலும் திரும்ப முடியாத நிலைக்குப் போய்விடும். அதிகம் சுட்ட பானையை மறுபடி களிமண்ணாக்க முடியுமா?

எல்லா சிஸ்டீனும் இப்படி விழிப்பாக இருப்பதில்லை. பக்கத்து அமினோ அமிலங்களின் தயவால் ஹைட்ரஜனை எளிதில் விட்டுவிட்டு எதிர்மின் சுமையோடு நிற்கும் சிஸ்டீன்களே முதலில் வினைபுரிகின்றன. கீப்-1 என்ற புரதம் அப்படிப்பட்டது. மனிதரில் அதன் 624 அமினோ அமிலங்களில் 27 சிஸ்டீன்கள். சாதாரண நேரத்தில் அது என்.ஆர்.எஃப்-2 என்ற இன்னொரு புரதத்தைப் பிடித்துச் சிதைவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அதன் கந்தகத்தில் எதுவும் வந்து ஒட்டினால் பிடி தளர்கிறது. தப்பிய என்.ஆர்.எஃப்-2 உட்கருவுக்குள் போய், குளுட்டாதயோன் தயாரிக்கும் மரபணுக்கள் உட்படப் பலவற்றை எழுப்புகிறது. கடுகின் காரமும் முட்டைக்கோசு, முள்ளங்கி, முருங்கை இவற்றிலுள்ள ஐசோதயோசயனேட்டுகளும் கீப்-1இன் கந்தகத்தில் ஒட்டும் வகையைச் சேர்ந்தவை. அவை செல்லுக்குக் காவல் நிற்பதில்லை, செல்லைச் சீண்டி அதன் காவலை அதுவே கட்ட வைக்கின்றன. காவல்காரனை மாத்திரையாக விழுங்குவதும் செல்லே காவலை வளர்ப்பதும் ஒன்றல்ல என்பதை இங்கே நிறுத்தி விளக்கினேன்.

பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வு 1994இல் வெளியானது. தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியது. 2009இல் ஜெர்மனியில் இளைஞர்களை நான்கு வாரம் உடற்பயிற்சி செய்யவைத்தபோது, அதிக அளவில் வைட்டமின் சி, ஈ மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு இன்சுலின் செயல்திறன் முன்னேறவில்லை, சாப்பிடாதவர்களுக்கு முன்னேறியது. பின்வந்த ஆய்வுகள் எல்லாமே இதே முடிவைத் தரவில்லை என்பதையும் மாணவிகளிடம் சொன்னேன். காரட்டும் நெல்லிக்காயும் சாப்பிடுவதை யாரும் நிறுத்த வேண்டியதில்லை. பேச்சு மாத்திரையின் அளவைப் பற்றியது.

தயோல் மருந்தே கிடையாதா என்றால், உண்டு, உயிர் காக்கும் மருந்தே உண்டு. பாராசிட்டமாலை அளவுக்கு மீறி விழுங்கினால் கல்லீரலில் உருவாகும் நச்சுப்பொருளைக் குளுட்டாதயோன் பிடித்து வெளியேற்றும். அது தீர்ந்தபின் அந்த நச்சு கல்லீரல் புரதங்களின் கந்தகத்தில் ஒட்டிக்கொள்ளும். மருத்துவமனையில் அப்போது கொடுப்பது அசிட்டைல் சிஸ்டீன், செல் குளுட்டாதயோன் கட்டுவதற்கான செங்கல். எதற்கு, எவ்வளவு, யார் மேற்பார்வையில் என்பதில்தான் மருந்துக்கும் அழகு நிலைய ஊசிக்கும் வித்தியாசம்.

நிறத்துக்கு வருவோம், மாணவி கேட்டது அதைத்தானே. தோலில் டைரோசினேஸ் என்ற தாமிர நொதி, டைரோசினை ஆக்சிஜனேற்றி டோபாகுயினோன் என்ற இடைப்பொருளைத் தருகிறது. அங்கிருந்து இரண்டு பாதை. அருகில் சிஸ்டீன் தயோல் நிறைய இருந்தால் அது சேர்ந்து மஞ்சள்-சிவப்பு சார்ந்த ஃபியோமெலனின் உருவாகும். குறைவாக இருந்தால் பழுப்பு-கருப்பு யூமெலனின். காற்றைப் பொறுத்து நிறம் மாறும் தாமிர கிளேஸ் நினைவுக்கு வருகிறதல்லவா? கண்ணாடிக் குழாயில் குளுட்டாதயோன் இந்தப் பாதையைத் திருப்பும் என்பது உண்மைதான். ஆனால் விழுங்கும் மாத்திரையின் பெரும்பகுதி குடலிலேயே அமினோ அமிலங்களாக உடைகிறது. நிறம் பற்றிய சோதனைகள் சிலவே, சிறியவை, குறுகிய காலத்தவை. ஊசி குடலைத் தாண்டிவிடும், அதனாலேயே ஆபத்தும் கூடுகிறது. கடும் ஒவ்வாமை, சிறுநீரக, கல்லீரல் பாதிப்பு ஆகியவற்றைச் சுட்டிக்காட்டிப் பிலிப்பைன்ஸ் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011லேயே எச்சரிக்கை விட்டது. யூமெலனின் வெயிலின் புறஊதாக் கதிரை உறிஞ்சும் கவசம். கடலூர் மாவட்டத்துச் சித்திரை வெயிலில் நிற்கிற நமக்கு அதைக் குறைப்பதற்குக் காசு கொடுப்பது எனக்கு வேடிக்கையாகத்தான் படுகிறது.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு என்று சொன்ன செய்தி இங்கிருந்து தொடங்குகிறது. 1834இல் சைசே என்ற டேனிஷ் வேதியியலாளர் தயோல்களுக்கு மெர்காப்டன் என்று பெயர் வைத்தார். பாதரசத்தைப் பிடிப்பது என்று பொருள். கந்தகத்துக்குக் கன உலோகங்கள்மீது அவ்வளவு ஈர்ப்பு. வெள்ளிக் கொலுசு கருப்பதும் அதனால்தான். இதே ஈர்ப்பு உடலுக்குள் நடந்தால் விபரீதம். இரத்தத்தின் ஹீம் தயாரிக்கும் ஒரு நொதியில் துத்தநாகத்தை மூன்று சிஸ்டீன்கள் தாங்கிப் பிடித்திருக்கின்றன. காரீயம் வந்தால் துத்தநாகத்தைத் தள்ளிவிட்டு அந்த மூன்று கந்தகத்தில் உட்கார்ந்துகொள்கிறது. ஹீம் தடைப்படுகிறது, குழந்தை வெளிறுகிறது. குளுட்டாதயோனின் கந்தகத்தையும் காரீயம் விடுவதில்லை.

காரீய ஆக்சைடு கிளேஸின் உருகுநிலையைக் குறைத்து நல்ல பளபளப்புத் தரும் என்பதால் உலகெங்கும் செராமிக் தொழிலில் நெடுங்காலம் பயன்பட்டது. எங்கள் ஊர்ப் பட்டறை எதையும் பற்றி நான் குறை சொல்லவில்லை. காரீயமில்லாத கிளேஸ்களும் தாராளமாக உள்ளன. அலங்காரத்துக்குச் செய்த பளபளப்பான கிண்ணத்தில் ஊறுகாய், புளிக்குழம்பு, எலுமிச்சைச் சாறு வைக்கக் கூடாது என்பதை மட்டும் மாணவிகளிடம் சொல்கிறேன், ஏனெனில் அமிலம் காரீயத்தைக் கரைத்தெடுக்கும். கிளேஸ், பெயின்ட் வேலை முடித்து வருகிறவர் கைகழுவி உடை மாற்றிவிட்டுக் குழந்தையைத் தூக்குவது நல்லது.

சென்னைப் பள்ளிகளில் 3 முதல் 7 வயதுக் குழந்தைகள் 756 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்த ஆய்வு 2009இல் வெளியானது. சராசரிக் காரீய அளவு டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். அமெரிக்கா 2021 முதல் கவனிக்க வேண்டிய எல்லையாக வைத்திருப்பது 3.5. அந்தக் குழந்தைகளின் நடத்தையை மதிப்பிட்டவர்கள் அவர்களின் ஆசிரியர்கள்தாம். காரீயம் கூடியவர்களிடம் பதற்றமும் கவனச்சிதறலும் பிறரோடு பழகுவதில் சிக்கலும் கூடுதலாக இருந்தன. வகுப்பில் ஒரு குழந்தை அடங்காமல் இருக்கிறது, சொன்னது மண்டையில் ஏறவில்லை, வெளிறிக் கிடக்கிறது என்றால், திட்டுவதற்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பார்க்கச் சொல்லலாம். அது வெறும் இரும்புச்சத்துக் குறைவாகவும் இருக்கலாம். ஆனால் இரும்பு குறைந்த உடல் காரீயத்தை அதிகமாக உறிஞ்சும், ஆகவே அதைச் சரிசெய்வதும் பயன்தான். சத்துணவு முட்டையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிற பிள்ளைகளைச் சாப்பிட வையுங்கள். குளுட்டாதயோனுக்கு வேண்டிய சிஸ்டீன் அதில் இருக்கிறது, மாத்திரை அட்டையைவிட மலிவு.

அடுத்த வாரம் அந்த மாணவியின் அம்மா பள்ளிக்கு வந்தார். கார்த்திகை விளக்கு வேலை மும்முரம், கையில் வெள்ளை மண் உலர்ந்திருந்தது. "டீச்சர், சின்னவ நோட்டுல என்னென்னமோ எழுதி அக்காளுக்குப் படிச்சுக் காட்டினா. ஊசி வேணாம்னு பெரியவளே சொல்லிட்டா. ஆனா அந்த கிரீமை மட்டும் விட மாட்டேங்கறா" என்றார். எந்த கிரீம் என்று கேட்டேன். பெயர் தெரியவில்லை, டப்பாவைக் கொடுத்தனுப்புவதாகச் சொன்னார். தோல் வெளுக்கும் கிரீம்களில் பாதரசம் கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது என்றேன். மெர்காப்டன் பெயர்க்காரணத்தை அவருக்குச் சொல்லவில்லை. டப்பா வந்தபின் லேபிளை வகுப்பில் வைத்துப் படிக்கலாம் என்றிருக்கிறேன்.

மீதி மாத்திரைகளையும் அவரே கொடுத்துவிட்டுப் போனார். எட்டு இருக்கின்றன. ஆய்வக அலமாரியில் அயோடின் பாட்டிலுக்குப் பக்கத்தில், 'விழுங்க அல்ல, நகக்கண் அளவு மட்டும்' என்று எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்.